ஸ்காலர்ஷிப் கவுன்டருக்குப் பக்கத்து அறை

"கவுன்சலிங் போயிட்டு வந்தேன்மா" என்று நான் போனில் சொன்னதும் எங்கள் அம்மா கேட்டது இதுதான்: "எந்தக் காலேஜுடா கெடச்சுது? இப்ப படிக்கிற காலேஜுக்கு என்னாச்சு?"

அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை. நம் ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டால் கட்-ஆஃப், ரேங்க், சீட் இவைதான் ஞாபகத்துக்கு வரும். மனசு சரியில்லாதபோது போய் உட்கார்ந்து பேசுகிற இடத்துக்கும் அதே பெயர்தான் என்று புரியவைக்க அரை மணி நேரம் ஆனது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "சாப்பிட்டியாய்யா?" என்றார்.

இந்த ரிவ்யூ அந்த இரண்டாவது கவுன்சலிங்கைப் பற்றி. ஊட்டியில் நான் எம்.எஸ்சி. படிக்கிற கல்லூரியில் ஒரு மாணவர் ஆலோசனை மையம் இருக்கிறது. கல்லூரியின் பெயரைப் போடவில்லை. எங்கள் டிபார்ட்மென்டில் பசங்களே ஒன்பது பேர்தான், பெயரைப் போட்டால் மறுநாள் காலை டீக்குள் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். வர்க்கி எந்தக் கடையில் நன்றாயிருக்கும், எந்த லாட்ஜில் வெந்நீர் வரும் என்றெல்லாம் மாய்ந்து மாய்ந்து எழுதுகிறோம். இதற்கு யாரும் எழுதுவதில்லை. போவதற்கு முன்னால் நானும் தேடினேன், ஒரு வரி அகப்படவில்லை. இதுவரை ஏழு முறை போயிருக்கிறேன், அதனால் எழுதலாம் என்று நினைக்கிறேன்.

நான் ஏன் போனேன் என்பதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் விளங்காது.

எனக்கு ஊர் பந்தலூர் பக்கம், டேன்டீ லைன் வீடு. 1964-ல் போட்ட சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட குடும்பங்களுக்கு வேலை கொடுக்க அரசாங்கம் உண்டாக்கிய தேயிலைத் தோட்டம் அது. தாத்தா கப்பலில் வந்தவர். அம்மா இன்றைக்கும் கொழுந்து எடுக்கிறார். எங்கள் வீட்டில் டிகிரி முடித்த முதல் ஆள் நான். முதல் செமஸ்டரில் இரண்டு அரியர் விழுந்தபோது அது எனக்கு மட்டும் விழுந்த அரியராகத் தெரியவில்லை, மொத்த லைனுக்கும் விழுந்ததுபோல இருந்தது. தூக்கம் போயிற்று. ராத்திரி இரண்டு மணிக்கு விழித்தால் விடிகிற வரை கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சாப்பாடு இறங்கவில்லை. ஹாஸ்டலில் யாராவது சத்தமாகச் சிரித்தால் என்னைப் பற்றித்தான் என்று தோன்றும்.

அப்படியிருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து திரும்பி வருகிறேன். கூடலூரில் பஸ் மாறி, ஊசிமலை வளைவு தாண்டியதும் நெஞ்சை யாரோ பிடித்து அமுக்குகிற மாதிரி ஆகிவிட்டது. விரலெல்லாம் மரத்துப்போய், வேர்த்துக் கொட்டி, செத்துப்போகப் போகிறேன் என்றே நினைத்தேன். கண்டக்டர் அண்ணன் நடுவட்டத்தில் இறக்கிவிட்டு, டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்து, கடைக்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார். அரை மணியில் தானாகவே அடங்கிவிட்டது. மறுநாள் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார்கள், இதயம் ஜம்மென்று இருக்கிறதாம். "காலேஜ்ல கவுன்சலர் இருந்தா ஒரு தடவை போய்ப் பாருப்பா" என்று டாக்டர் சொன்னார்.

இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் போக மூன்று வாரம் ஆனது. அதற்கு ஒரு பழைய காரணம் உண்டு.

யு.ஜி.யும் இங்கேதான் படித்தேன். அப்போது "ஸ்டூடன்ட் கவுன்சலர்" என்பது ஒரு பேராசிரியர் கூடுதலாகப் பார்த்துக்கொண்ட பொறுப்பு. பாடம் எடுப்பார், என்.எஸ்.எஸ். பார்ப்பார், இதையும் பார்ப்பார். நல்ல மனுஷர், கெட்ட எண்ணம் கொஞ்சமும் கிடையாது. செகண்ட் இயரில் வீட்டு விஷயம் ஒன்றை, அப்பாவின் குடியைப் பற்றி, அவரிடம் சொன்னேன். போனைக் குறை, காலையில் எழுந்து யோகா பண்ணு, எல்லாம் சரியாகிவிடும் என்றார். அது பரவாயில்லை. அடுத்த வாரம் வேறொரு சார் வகுப்பு முடிந்ததும் என் தோளில் கை போட்டு, "அப்பா இப்ப எப்படி இருக்கார், நிறுத்திட்டாரா?" என்று அக்கறையாகக் கேட்டார். பின்னால் நான்கு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அன்றைக்கு எடுத்த முடிவு, இனி இந்தக் கட்டடத்துக்குள் வாயைத் திறக்கக் கூடாது.

இப்போது இருப்பவர் அப்படியில்லை என்று ஒரு சீனியர் அக்கா சொன்னதால்தான் போனேன். போன பிறகு எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: உள்ளே இருக்கும் ஆள் தங்கம், அவரிடம் போய்ச் சேரும் வழிதான் சரியில்லை.

வழியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அங்கேதான் பாதிப் பேர் திரும்பிவிடுகிறார்கள். அறை ஆபீஸ் பிளாக்கில் தரைத்தளத்தில், ஸ்காலர்ஷிப் கவுன்டரை ஒட்டி இருக்கிறது. கல்லூரியிலேயே எப்போதும் கூட்டமாக இருக்கும் ஒரே இடத்தைத் தேடிப் பிடித்து அதன் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். கதவுக்கு மேலே சிவப்பு எழுத்தில் "மனநல ஆலோசனை மையம்". ஹாஸ்டல் பசங்க அதற்கு வைத்திருக்கும் பெயர் "மென்டல் ரூம்". வெளியே ஒரு பெஞ்ச். அதில் உட்கார்ந்தால், வருமானச் சான்றிதழும் பேங்க் பாஸ்புக் ஜெராக்ஸும் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிற முப்பது பேருக்கும் வேடிக்கை பார்க்க நாம்தான்.

போதாக்குறைக்கு ஒரு ரெஜிஸ்டர், ஸ்டூல்மேல், எல்லார் கண்ணிலும் படும்படி. நாள், பெயர், துறை, வந்த காரணம், கையொப்பம் என்று கட்டம் போட்டிருக்கிறது. வந்த காரணம்! இரண்டு விரல் அகலக் கட்டத்தில் என்ன எழுதுவது? யோசித்துவிட்டு "ஸ்காலர்ஷிப்" என்று எழுதினேன். எழுதி முடித்துவிட்டு மேலே பார்த்தால், அந்தப் பக்கத்திலேயே எனக்கு முன் நான்கு பேர் "ஸ்காலர்ஷிப்" என்றுதான் எழுதியிருந்தார்கள். ஒருவன் மட்டும் "பர்சனல்" என்று போட்டிருந்தான், தைரியசாலி.

உள்ளே போனால் வேறு உலகம். சின்ன அறை, இரண்டு நாற்காலிகள் நேருக்கு நேர் போடாமல் கொஞ்சம் சாய்வாக. ஒற்றைக் கம்பி ஹீட்டர் ஒன்று. ஜன்னலுக்கு வெளியே கற்பூர மரங்கள். கடிகாரம் கவுன்சலர் மேடத்துக்குத் தெரியும்படி என் முதுகுக்குப் பின்னால். அவர் நேரம் பார்ப்பது நமக்குத் தெரியக் கூடாது என்பதற்காக அப்படி மாட்டியிருக்கிறார் என்று நாலாவது தடவைதான் கண்டுபிடித்தேன்.

மேடம் கீழேயிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். பேச்சில் கோயமுத்தூர் வாடை. "வாங்க தம்பி, குளிருதுங்களா, ஹீட்டர் பக்கம் நவுந்து உக்காருங்க" என்பதுதான் அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம். சுவரில் சான்றிதழ் மாட்டியிருந்தது. கிளினிக்கல் சைக்காலஜியில் எம்.ஃபில்., அதன் கீழே ஆர்.சி.ஐ. பதிவு எண். ஆர்.சி.ஐ. என்பது மறுவாழ்வுத் துறையில் தகுதி உள்ளவர்களைப் பதிவு செய்யும் மத்திய அரசின் கவுன்சில். கவுன்சலர் என்று போர்டு மாட்டுபவர்கள் இப்போது பெருகிவிட்டதால், ஒருவர் தன்னை கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொன்னால் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று, இவர் மாத்திரை எழுத மாட்டார். அது சைக்கியாட்ரிஸ்ட் வேலை, அவர் எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் மனநல மருத்துவம் படித்த டாக்டர். இந்த வித்தியாசம் எனக்கே அங்கு போன பிறகுதான் தெரியும்.

நான் வாயைத் திறப்பதற்கு முன்பே ஒன்றைச் சொல்லிவிட்டார். "இங்க பேசறது வெளிய போகாது. உங்க உயிருக்கோ அடுத்தவங்க உயிருக்கோ ஆபத்துன்னு தெரிஞ்சாலோ, கோர்ட்டு கேட்டாலோ மட்டும்தான் சொல்ல வேண்டி வரும். அப்பவும் உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் செய்யப் பார்ப்பேன்." 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்திலேயே இந்த ரகசியம் காக்கும் உரிமை இருக்கிறதாம். நான் உடனே பழைய கதையைச் சொல்லி, இதெல்லாம் ஸ்டாஃப் ரூமுக்குப் போகாதில்லையா என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "நீங்க நம்பணும்னு அவசரமில்லீங்க, பாத்துட்டு நம்புங்க" என்றார்.

அன்றைக்கு ஒரு தாள் கொடுத்தார், தமிழில்தான். ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தில் தூக்கம் எப்படி, பசி எப்படி, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்ததா என்று போகும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மார்க். மொத்தம் 27-க்கு நான் எடுத்தது 16. வாழ்க்கையில் குறைவான மார்க் நல்லது என்று இருக்கிற ஒரே பரீட்சை இதுதான், அதிலும் நான் சரியாக எழுதவில்லை. இதைச் சொன்னதும் மேடம் சிரித்துவிட்டார். "இது தெர்மாமீட்டர் தம்பி. காய்ச்சல் இருக்குன்னு சொல்லும், எதனாலன்னு சொல்லாது. அதை நாம பேசித்தான் பாக்கோணும்."

பஸ்ஸில் வந்தது என்ன என்பதையும் விளக்கினார். பயம் வந்தால் உடம்பு ஓடுவதற்குத் தயாராகிறது. மூச்சு வேகமாகிறது. அளவுக்கு மேல் மூச்சுவிடும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு குறைகிறது, அதனால்தான் விரல் மரத்துப்போகிறது, தலை சுற்றுகிறது. அது தெரியாமல் நாம் இன்னும் பயப்படுகிறோம், மூச்சு இன்னும் வேகமாகிறது. உச்சத்துக்குப் போய்விட்டுத் தானாக இறங்கிவிடும், அதனால் உயிர் போகாது. நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடச் சொன்னார். எனக்கு எண்ணவே வரவில்லை, எண்ணினால் பதற்றம் கூடுகிறது என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "காலைல ஆறு மணிக்கு வெளிய வந்து நில்லுங்க. உங்க ஊர்ல மூச்சு கண்ணுக்குத் தெரியுமே. அந்தப் புகை எவ்வளவு தூரம் போகுதுன்னு மட்டும் பாருங்க" என்றார்.

டிசம்பர் மாதம், ஹாஸ்டல் தண்ணீர்த் தொட்டிப் பக்கம், புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி படிந்து கிடக்கிறது. நான் சட்டைக்கு மேல் ஸ்வெட்டர், ஸ்வெட்டருக்கு மேல் ஜெர்கின் போட்டுக்கொண்டு புகை விட்டுக்கொண்டு நின்றேன். வார்டன் பீடி என்று நினைத்து ஓடி வந்தார். ஆனால் வேலை செய்தது. புகை தூரமாகப் போக வேண்டுமென்றால் மெதுவாக, நீளமாக விட்டாக வேண்டும். எண்ணாமலே ஆறு வந்துவிடுகிறது.

அறிவுரை சொல்வார் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். முதல் இரண்டு முறை எனக்கே ஏமாற்றமாக இருந்தது. ஐம்பது நிமிஷத்தில் முக்கால்வாசி நான்தான் பேசினேன், இதற்கா இவ்வளவு படித்தார் என்று நினைத்தேன். மூன்றாவது முறை ஒரு நோட்டில் மூன்று பத்தி போடச் சொன்னார். என்ன நடந்தது, அப்போது என்ன நினைத்தாய், அதற்கு ஆதாரம் என்ன. நான் எழுதிக்கொண்டு போன ஒரு வரி, "எங்க லைனே என்னைப் பார்த்துச் சிரிக்குது". மேடம் பேனாவை என் கையில் கொடுத்து, "யார் யார் சிரிச்சாங்க, பேர் எழுதுங்க" என்றார். ஒரு பெயருக்கு மேல் எழுத முடியவில்லை. அந்த ஒரு பெயரும் எங்கள் சின்ன மாமா மகன். அவன் எழவு வீட்டிலேயே சிரிக்கிறவன்.

மேடத்திடமும் குறை இல்லாமல் இல்லை. அதே மூன்றாவது முறை அப்பாவைப் பற்றிக் கேட்டார். வேண்டாம் என்றேன். பத்து நிமிஷம் கழித்துச் சுற்றிவந்து அதையே கேட்டார். எனக்கு எரிச்சலாகிவிட்டது, அடுத்த வாரம் போகவில்லை. அதற்கடுத்த வாரம் போனபோது அவரே, "அன்னைக்கு நான் அவசரப்பட்டுட்டேன் தம்பி, நீங்க சொல்லும்போது சொல்லுங்க" என்று ஆரம்பித்தார். படிப்பு கொடுக்கிற இடத்தில் பெரியவர் ஒருவர் என்னிடம் தப்பு என்று ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. அப்பாவைப் பற்றி ஐந்தாவது முறை நானே சொன்னேன். அதை இங்கே எழுதப் போவதில்லை.

இன்னொரு குறை மொழி. மேடம் பேசுவது நல்ல தமிழ். ஆனால் எங்கள் கல்லூரியில் படுகர்களின் மொழியான படுகு பேசுகிறவர்களும், கூடலூர்ப் பக்கத்து மலையாளப் பிள்ளைகளும் நிறைய. என் ரூம்மேட் கோத்தகிரிப் பக்கத்து ஹட்டிக்காரன், அதாவது படுகர் ஊர்க்காரன். என் பேச்சைக் கேட்டு ஒரு முறை போய்விட்டு வந்து சொன்னான்: "திட்டறதுக்குத் தமிழ் போதும்டா. அழறதுக்குப் படுகுதான் வருது." இதற்கு மேடம் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் நீலகிரியில் ஆள் போடுகிறவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

நான்காவது முறைக்குப் பிறகு அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு ஒரு கடிதம் கொடுத்து அனுப்பினார். ஓ.பி. சீட்டு, டாக்டர், மாத்திரை, எல்லாம் இலவசம். மாத்திரை சாப்பிட்டால் அதற்கே அடிமையாகிவிடுவேன் என்று அம்மா பயந்தார், நானும்தான். அதன் பலன் தெரிய இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் ஆகும், நன்றாகிவிட்டதென்று நாமாக நிறுத்தக் கூடாது என்று டாக்டர் சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டேன். மூன்றாவது வார முடிவில் ஒரு நாள் காலை ஆறு மணிக்குத்தான் கண் விழித்தேன். யாரோ என்னை ஏமாற்றிவிட்ட மாதிரி இருந்தது.

சரி, இப்போது நிர்வாகத்துக்கு. மேடம் வருவது செவ்வாயும் வெள்ளியும் மட்டும், பத்து மணி முதல் நான்கு மணி வரை. கணக்குப் பார்த்தால் ஒரு நாளைக்கு ஐந்து பேர், மிஞ்சினால் ஆறு. படிப்பது ஆயிரத்துக்கு மேல். செமஸ்டர் பரீட்சை நெருங்கும்போது இரண்டு வாரம் தள்ளித்தான் நேரம் கிடைத்தது. மழைக்காலத்தில் குன்னூர் ரோட்டில் மண் சரிந்தால் அந்த வாரம் மேடமே இல்லை. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் வழிகாட்டுதல்கள் கொடுத்தது. 100 மாணவர்களோ அதற்கு மேலோ இருக்கும் கல்வி நிறுவனங்களில் தகுதியுள்ள கவுன்சலர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவராவது இருக்க வேண்டும் என்றது. எங்களிடம் ஒருவர் இருக்கிறார், கணக்குச் சரி. வாரத்தில் மற்ற நாட்களில் மனசைக் கொஞ்சம் பொறுத்திருக்கச் சொல்ல வேண்டியதுதான்.

அட்டெண்டன்ஸ் கூத்து தனி. வகுப்பு நேரத்தில் போனால் ஓ.டி. (ஆன் டியூட்டி) சீட்டு வேண்டும். அதில் மையத்தின் சீல் குத்தி, ஹெச்.ஓ.டி. கையெழுத்து வாங்கி, கிளாஸ் ரெப்பிடம் கொடுக்க வேண்டும். மேடம் உள்ளே பொத்திப் பொத்திக் காப்பாற்றியதை அந்த நீலநிற சீல் ஊருக்கே சொல்லிவிடும். நான் ஓ.டி. கேட்பதையே விட்டுவிட்டேன், இரண்டு நாள் ஆப்சென்ட் போனால் போகட்டும்.

மேடம் இல்லாத ஒரு புதன்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு 14416-ஐக் கூப்பிட்டேன். டெலி மானஸ், 2022 அக்டோபரில் தொடங்கிய அரசு உதவி எண். தமிழ்நாட்டில் "நட்புடன் உங்களோடு" என்று பெயர். இலவசம், இருபத்துநான்கு மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். எடுத்த அக்கா இருபது நிமிஷம் பொறுமையாகக் கேட்டார். ஹாஸ்டலில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் மட்டும்தான் சிக்னல் என்பதால் அந்தக் குளிரில் நடந்துகொண்டேதான் பேசினேன். உங்களுக்கு அந்த ராத்திரி தாங்காது என்று தோன்றினால் வெள்ளிக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம், உடனே கூப்பிடுங்கள்.

மார்க் போடச் சொன்னால் மேடத்துக்கு 5-க்கு நாலரை, அரை மார்க் அந்த மூன்றாவது முறைக்காக. வாசலுக்கும் ரெஜிஸ்டருக்கும் சீலுக்கும் சேர்த்து 1. நான் போன மாதம் அதே ஒன்பது கேள்வித் தாளை மறுபடி எழுதினேன், 7. அரியரில் ஒன்று கிளியர், இன்னொன்று ஏப்ரலில்.

போகிறவர்கள் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் போங்கள். ஸ்காலர்ஷிப் கவுன்டரை இரண்டரைக்கே மூடிவிடுவார்கள், வராந்தாவில் ஒரு ஈ காக்கை இருக்காது. ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளுங்கள், கரண்ட் போனால் ஹீட்டர் இல்லை. ரெஜிஸ்டரில் காரணம் கேட்டால் என்ன எழுதுவது என்று உங்களுக்கே தெரியும்.